ஸ்டேடியம் நிறைகிறது... பையன்கள்தான் வருவதில்லை!

அமெரிக்காவின் நட்டநடுவில் இருக்கிறது நெப்ராஸ்கா. அந்த மாநிலத்தின் பெரிய ஊர் ஒமாஹா, அடுத்தது தலைநகரம் லிங்கன். மூன்றாவது பெரிய ஊர் எது? சாதாரண நாளில் பெல்வியூ. மேட்ச் இருக்கும் சனிக்கிழமைகளில், லிங்கனில் இருக்கும் மெமோரியல் ஸ்டேடியம்! இதை அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். பொய்யில்லை. மாநிலத்தின் மொத்த ஜனத்தொகையே ஏறக்குறைய 20 லட்சம்தான். அதில் 85 ஆயிரம் பேருக்கு மேல் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

இதைவிட ஆச்சர்யமான விஷயம் ஒன்று உண்டு. 1962-ம் வருடம் நவம்பர் 3-ம் தேதியிலிருந்து இன்றுவரை இந்த ஸ்டேடியத்தில் நடந்த ஃபுட்பால் ஆட்டங்கள் எல்லாமே ஹவுஸ்ஃபுல். ஒன்றுகூட விடாமல் 400 ஆட்டங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது இந்தக் கணக்கு. ஜெயித்தாலும் வருகிறார்கள், தோற்றாலும் வருகிறார்கள். சமீப காலமாகத் தோற்பதைப் பார்க்கத்தான் அதிகம் வருகிறார்கள் என்பது வேறு விஷயம்.

இந்த அணியின் பெயர் நெப்ராஸ்கா கார்ன்ஹஸ்கர்ஸ். மக்காச்சோளக் கதிரின் தோலை உரிப்பவர்கள் என்று அர்த்தம். முழுக்க விவசாயம் செய்யும் மாநிலத்துக்குப் பொருத்தமான பெயர். 1970, 1971, 1994, 1995, 1997 என்று ஐந்து முறை தேசிய சாம்பியன். 1993-லிருந்து 1997 வரை ஐந்து வருடங்களில் 60 வெற்றி, 3 தோல்வி மட்டும். அப்படிப்பட்ட அணி 2017-லிருந்து 2023 வரை தொடர்ந்து ஏழு வருடங்கள், சீசன் முடிவில் நடக்கும் 'பௌல்' ஆட்டம் ஒன்றுக்குக்கூடத் தகுதி பெறவில்லை. அமெரிக்காவில் சுமாரான அணிகளே தகுதி பெற்றுவிடும் ஆட்டம் அது.

எங்கே கோளாறு? பணம் இருக்கிறது, ரசிகர்கள் இருக்கிறார்கள், ஸ்டேடியம் இருக்கிறது, புத்தம்புதுப் பயிற்சி மையமும் 2024-ல் திறந்தாகிவிட்டது. இல்லாதது ஒன்றுதான். நாட்டின் தலைசிறந்த 17 வயதுப் பையன்கள் இங்கே வருவதற்கு யோசிக்கிறார்கள்.

கல்லூரி அணிக்கு ஆள் பிடிப்பது எப்படி?

இங்கே ஃபுட்பால் என்றால் காலால் உதைக்கும் கால்பந்து இல்லை. ஹெல்மெட்டும் தோள்கவசமும் போட்டுக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால். தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்-லுக்கு நிகராக அங்கே கல்லூரி ஆட்டங்களுக்கும் வெறி பிடித்த ரசிகர்கள் உண்டு. சில மாநிலங்களில் என்.எஃப்.எல் அணியே கிடையாது. அங்கெல்லாம் கல்லூரி அணிதான் குலதெய்வம். நெப்ராஸ்கா அப்படி ஒரு மாநிலம்.

ஐ.பி.எல் மாதிரி கல்லூரிகளுக்கு ஏலம் கிடையாது. 'இந்தப் பையன் உனக்கு' என்று யாரும் பிரித்துக் கொடுப்பதும் இல்லை. பள்ளிக்கூடத்தில் விளையாடும் பையனை ஒவ்வொரு கல்லூரியும் தானே தேடிப்போய், பேசி, கெஞ்சி, கொஞ்சிக் கூட்டிவர வேண்டும். இதைத்தான் 'ரெக்ரூட்டிங்' என்கிறார்கள். கிட்டத்தட்ட பெண் பார்க்கும் படலம்தான். பயிற்சியாளர் பையன் வீட்டுக்கு வருவார். வரவேற்பறையில் உட்கார்ந்து அம்மாவிடம் படிப்பைப் பற்றிப் பேசுவார், அப்பாவிடம் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவார். பதிலுக்குப் பையன் கல்லூரிக்குப் போய் ஊரைப் பார்ப்பான். இரண்டு மூன்று வருடங்கள்கூட இந்தப் பேச்சுவார்த்தை ஓடும். கடைசியில் டிசம்பரில் கையெழுத்து. அதற்கு முன் பையன் கொடுக்கும் வாய்மொழி வாக்குக்கு எந்த மதிப்பும் இல்லை. நிச்சயம் ஆன பிறகும் மாப்பிள்ளை மாறலாம்.

பையன்களுக்கு ரேங்க் போடுவதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. ஐந்து நட்சத்திரம், நான்கு நட்சத்திரம், மூன்று நட்சத்திரம் என்று ஹோட்டலுக்குக் கொடுப்பதுபோல் கொடுப்பார்கள். சாம்பியன் பட்டம் வாங்கும் அணிகளை எடுத்துப் பார்த்தால், அவர்கள் சேர்த்த பையன்களில் பாதிக்கு மேல் நான்கு, ஐந்து நட்சத்திரக்காரர்களாகவே இருப்பார்கள் என்று அங்கே ஒரு கணக்கு ரொம்ப காலமாகப் பேசப்படுகிறது.

இப்போது பூகோளத்தைப் பாருங்கள். டெக்சாஸில் சுமார் 3 கோடி மக்கள். ஃபுளோரிடாவில் 2 கோடிக்கு மேல். ஜார்ஜியாவில் ஒரு கோடிக்கு மேல். அங்கெல்லாம் திறமைசாலிகள் தெருவுக்குத் தெரு கிடைப்பார்கள். 20 லட்சம் பேர் இருக்கும் நெப்ராஸ்காவில் சில கிராமத்துப் பள்ளிகளில் 11 பேர் கொண்ட அணி அமைக்கவே பையன்கள் தேற மாட்டார்கள். அதனால் அங்கே எட்டுப் பேர் ஃபுட்பால், ஆறு பேர் ஃபுட்பால் என்று தனியாகவே போட்டி நடத்துகிறார்கள். லிங்கனிலிருந்து டெக்சாஸின் டாலஸ் நகரம் ஆயிரம் கிலோமீட்டர் தூரம். குளிர்காலத்தில் பனி, எலும்பைக் குடையும் காற்று. மயாமி கடற்கரைப் பையனை இங்கே கூட்டிவருவது லேசான காரியமா?

ஆனால், ஒரு காலத்தில் கூட்டிவந்தார்கள். அதுதான் இந்தக் கதையின் சுவாரஸ்யம்.

டாம் ஆஸ்போர்ன் என்ற அமைதிக்காரர்

1962-ல் பாப் டெவானி என்ற பயிற்சியாளர் வந்தார். ஹவுஸ்ஃபுல் கணக்கு ஆரம்பித்ததும் அந்த வருடம்தான். 1970, 71 இரண்டு வருடமும் சாம்பியன் ஆக்கிவிட்டு, 1973-ல் பொறுப்பைத் தன் உதவியாளர் டாம் ஆஸ்போர்னிடம் கொடுத்தார். நெப்ராஸ்காவின் ஹேஸ்டிங்ஸ் ஊரில் பிறந்தவர் ஆஸ்போர்ன். சத்தம் போடாதவர். 25 வருடங்கள் பயிற்சியாளராக இருந்து 255 வெற்றி, 49 தோல்வி, 3 டிரா. ஒரு வருடம்கூட 9 வெற்றிக்குக் கீழே போனதில்லை. பிற்பாடு தேர்தலில் நின்று அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார்.

அவர்கள் கையில் மற்றவர்களிடம் இல்லாத சில துருப்புச் சீட்டுகள் இருந்தன.

ஒன்று, உடற்பயிற்சிக் கூடம். 1969-ல் பாய்ட் எப்லி என்ற இளைஞரை 'ஸ்ட்ரெங்த் கோச்'சாக நியமித்தார்கள். கோலூன்றித் தாண்டும் வீரராக இருந்து காயம் பட்டு, எடைப் பயிற்சியில் இறங்கியவர் அவர். அப்போதெல்லாம் பளு தூக்கினால் உடம்பு இறுகி வேகம் குறைந்துவிடும் என்று பல பயிற்சியாளர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். யாராவது ஒருவனுக்கு வேகம் குறைந்தாலும் உன் வேலை போய்விடும் என்று டெவானி எச்சரித்துத்தான் வேலை கொடுத்தாராம். யாருக்கும் குறையவில்லை. நெப்ராஸ்காவின் பையன்கள் மலை மாதிரி ஆனார்கள்.

இரண்டு, டி.வி. அந்தக் காலத்தில் எந்தக் கல்லூரி எத்தனை முறை டி.வி-யில் வரலாம் என்பதைக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ-தான் தீர்மானித்தது. வாரத்துக்கு விரல்விட்டு எண்ணும் ஆட்டங்கள்தான் ஒளிபரப்பு. அதில் நெப்ராஸ்கா அடிக்கடி வரும். நியூஜெர்சியில் வளர்ந்த மைக் ரோசியர் போன்றவர்கள் எங்கோ இருக்கும் நெப்ராஸ்காவுக்கு வந்ததில் இந்தப் புகழுக்கும் பங்கு உண்டு. 1983-ல் நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை வாங்கினார் ரோசியர்.

மூன்றாவது சீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதன் பெயர் 'வாக்-ஆன்'.

ஒரு கல்லூரி இத்தனை பேருக்குத்தான் ஸ்காலர்ஷிப் தரலாம் என்று அப்போது வரம்பு இருந்தது. எழுபதுகளில் வந்த அந்த வரம்பு 1978-ல் 95 ஆகவும், 1994-ல் 85 ஆகவும் இறங்கியது. ஆனால் ஸ்காலர்ஷிப் வாங்காமல், சொந்தக் காசில் ஃபீஸ் கட்டிப் படித்துக்கொண்டே அணியில் சேர்கிறேன் என்று ஒருவன் வந்தால்? அவன்தான் வாக்-ஆன். 'தானாக நடந்து வந்தவன்.' மற்ற கல்லூரிகளில் இவர்கள் பயிற்சியில் அடி வாங்குவதற்கு மட்டும் பயன்படுவார்கள். நெப்ராஸ்காவில் அப்படியில்லை. ஆறு பேர் ஆட்டம் ஆடிய கிராமத்துப் பண்ணைவீட்டுப் பையனுக்கும் அதே ஜிம், அதே பயிற்சி. மூன்று வருடம் பொறுமையாக உடம்பை வளர்த்தால் நான்காம் வருடம் அந்த 85 ஆயிரம் பேர் முன்னால் ஓடலாம். ஸ்காலர்ஷிப்பும் வந்து சேரும். அணியின் எண்ணிக்கை சில வருடங்களில் 150-ஐத் தாண்டும். அத்தனை பேர் இருந்ததால் ஒரே நேரத்தில் பல குழுக்களாகப் பிரித்துப் பயிற்சி கொடுக்க முடிந்தது. இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசைப் பையன்களுக்கும் கை நிறைய பயிற்சி.

எழுபதுகளில் ஐ.எம்.ஹிப் என்ற பையன் தென் கரோலினாவிலிருந்து ஸ்காலர்ஷிப் இல்லாமலே இங்கே வந்து சேர்ந்தார். 1977-ல் ஒரே சீசனில் ஆயிரம் யார்டுகளுக்கு மேல் ஓடினார். தொண்ணூறுகளின் சாம்பியன் அணிகளில் ஜெஃப், ஜோயல் மகோவிக்கா என்ற அண்ணன் தம்பி இருவரும் வாக்-ஆனாக வந்தவர்கள்தான். இதனால் மாநிலத்தில் ஏதாவது ஒரு வகையில் அணியோடு சொந்தம் இல்லாத ஊரே இல்லை என்ற நிலை வந்தது. பக்கத்துத் தெருப் பையன் ஆடுகிறான் என்றால் டிக்கெட் வாங்காமல் இருப்பார்களா?

அந்தப் பண்ணைப் பையன்கள் முன்வரிசையில் சுவர் மாதிரி நிற்பார்கள். பின்னால் ஓடுவதற்கு மட்டும் வெளியிலிருந்து வேகமான பையன்கள் சிலர் போதும். இந்த ஃபார்முலாவிலும் ஒரு ஓட்டை இருந்தது. 1984 ஜனவரியில் நடந்த ஆரஞ்ச் பௌல் ஆட்டத்தில் மயாமி அணியிடம் 31-30 என்று தோற்றது நெப்ராஸ்கா. ஒரு பாயின்ட் எடுத்து டிரா செய்தாலே சாம்பியன் பட்டம் கிடைத்திருக்கும் என்று பலரும் நம்பும் நிலையில், ஆஸ்போர்ன் இரண்டு பாயின்ட்டுக்கு முயன்று தோற்றார். டிராவில் கிடைக்கும் பட்டம் வேண்டாம் என்று நினைத்த மனிதர். அதற்குப் பிறகும் ஃபுளோரிடாப் பையன்களின் வேகத்துக்கு முன்னால் அணி திணறிக்கொண்டேயிருந்தது. 1987 முதல் 1993 வரை ஏழு சீசன்களிலும் கடைசி பௌல் ஆட்டத்தில் தோல்வி.

ஆஸ்போர்ன் ஃபுளோரிடாவுக்கே போய் டாமி ஃபிரேசியர் என்ற குவார்ட்டர்பேக்கைக் கூட்டிவந்தார். தடுப்பாட்டத்தை வேகமான பையன்களாகப் பார்த்து மாற்றினார். 1994-ல் சாம்பியன். 1995 சீசன் முடிவில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தையே 62-24 என்று துவைத்து எடுத்தார்கள். 1997-ல் இன்னொரு பட்டம் (மிச்சிகனோடு பகிர்ந்துகொண்டது). அத்துடன் ஆஸ்போர்ன் ஓய்வு பெற்றார்.

கையிலிருந்த சீட்டுகள் போன கதை

உடற்பயிற்சிக் கூடத்தை எல்லாக் கல்லூரிகளும் காப்பியடித்தன. எப்லியிடம் பயிற்சி பெற்றவர்களே பல ஊர்களுக்கும் போய் அதைச் செய்துகொடுத்தார்கள். 1984-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், டி.வி உரிமையை என்.சி.ஏ.ஏ மட்டும் கையில் வைத்திருக்கக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. மெல்ல மெல்ல எல்லா அணிகளும் டி.வி-யில் வர ஆரம்பித்தன. ஊர்ப்பக்கத்துக் கல்லூரியில் ஆடினாலே நாடு முழுக்கத் தெரியும் என்றால் லிங்கனுக்கு எதற்கு வர வேண்டும்?

1996-ல் நெப்ராஸ்கா இருந்த பழைய லீக், டெக்சாஸ் அணிகளோடு சேர்ந்து 'பிக் 12' ஆனது. மதிப்பெண்ணில் பாதித் தகுதி மட்டும் பெற்ற பையன்களை முதல் வருடம் ஆடவிடாமல் படிக்கவைத்து, பிறகு களமிறக்கும் வழக்கம் நெப்ராஸ்காவுக்கு உண்டு. புதிய லீக் அதற்குக் கடிவாளம் போட்டது. நெப்ராஸ்காவின் எதிர்ப்பு எடுபடவில்லை.

பிறகு 2011-ல் நெப்ராஸ்கா அந்த லீக்கை விட்டு 'பிக் டென்'னுக்குத் தாவியது. டி.வி வருமானத்தைப் பார்த்தால் புத்திசாலித்தனமான முடிவு. ஆனால் ஆள் சேர்ப்பில் பெரிய அடி. அதுவரை டெக்சாஸ் பையனிடம், 'எங்களிடம் சேர்ந்தாலும் உன் ஊர்ப்பக்கம் வருடா வருடம் ஆட வருவோம், உன் பாட்டிகூட கார் எடுத்துக்கொண்டு வந்து பார்க்கலாம்' என்று சொல்ல முடிந்தது. இனி அவன் ஆடப்போவது மின்னசோட்டாவிலும் விஸ்கான்சினிலும். டெக்சாஸ் அம்மாக்களுக்கு அந்த ஊர்களைப் பற்றி என்ன தெரியும், குளிரைத் தவிர?

வெளியூர்ப் பையன்கள் வராதது ஒரு பக்கம். சொந்த ஊர்ப் பையன்களும் போக ஆரம்பித்ததுதான் பெரிய வலி. ஒமாஹாவில் வளர்ந்த நோவா ஃபேன்ட் பக்கத்து மாநிலமான அயோவாவுக்குப் போய் ஆடினார். 2019-ல் என்.எஃப்.எல் அணி ஒன்று அவரை முதல் சுற்றிலேயே எடுத்தது. அதே 2019-ல்தான், நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்திலிருந்து ஒரே ஒரு வீரரைக்கூட என்.எஃப்.எல் எடுக்கவில்லை. அறுபதுகளின் தொடக்கத்துக்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல்முறை. இன்னொரு ஒமாஹா பையன் சேவியர் வாட்ஸ், நோட்ரே டேம் பல்கலைக்கழகத்துக்குப் போய் 2023-ல் நாட்டின் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நகுர்ஸ்கி விருதை வாங்கினார்.

வீட்டு வரவேற்பறையில் அம்மா என்ன கேட்பார்? 'உங்களிடம் வந்தால் என் பையன் என்.எஃப்.எல் போவானா?' அதற்குப் பதில் சொல்ல பயிற்சியாளரிடம் சமீபத்திய பெயர்கள் வேண்டும்.

அடுத்த கேள்வி, 'நீங்கள் எத்தனை நாள் இங்கே இருப்பீர்கள்?'

36 வருடங்களில் இரண்டே பயிற்சியாளர்களைப் பார்த்த அணி, அடுத்த 25 வருடங்களில் பார்த்த முகங்களைக் கேளுங்கள். ஆஸ்போர்னுக்குப் பின் வந்த ஃபிராங்க் சோலிச் 2003-ல் 9 வெற்றி, 3 தோல்வியோடு இருக்கும்போதே நீக்கப்பட்டார். அணி நடுத்தரமாகிவிடக்கூடாது என்பது நிர்வாகத்தின் விளக்கம். அடுத்து வந்த பில் கலஹான், தலைமுறை தலைமுறையாக ஆடிவந்த ஓட்ட ஆட்டத்தை விட்டுவிட்டுப் பந்து வீசும் ஆட்டத்துக்கு மாற்றினார். முதல் வருடமே 5 வெற்றி, 6 தோல்வி. 35 வருடம் தொடர்ந்து பௌல் ஆட்டம் ஆடிய சாதனை அங்கே அறுந்தது. போ பெலினி ஏழு முழு சீசன்களிலும் 9 வெற்றிக்குக் குறையவில்லை, 2014-ல் அவரையும் அனுப்பினார்கள். மைக் ரைலி மூன்று வருடம். 1997 சாம்பியன் அணியின் குவார்ட்டர்பேக்கும், மண்ணின் மைந்தருமான ஸ்காட் ஃபிராஸ்ட்டை 2018-ல் கொண்டுவந்தபோது ஊரே கொண்டாடியது. 16 வெற்றி, 31 தோல்வியில் முடிந்தது அந்தக் கல்யாணம். 2021-ல் அவர் அணி 9 ஆட்டங்களில் தோற்றது. ஒன்பதுமே ஒற்றை இலக்கப் பாயின்ட் வித்தியாசத்தில்!

சோலிச்சை அனுப்பியதுதான் சாபம் என்று சொல்லும் ரசிகர்கள் இருக்கிறார்கள். 2002-ல் அவர் 7 வெற்றி, 7 தோல்வி என்று முடித்ததை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். சறுக்கல் அவர் காலத்திலேயே ஆரம்பித்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு புதிய பயிற்சியாளருக்கும் ஒரு புதிய ஆட்டமுறை, அதற்குத் தகுந்த உடலமைப்புள்ள பையன்கள் தேவை. முந்தையவர் சேர்த்த பையன்கள் பொருந்த மாட்டார்கள். ஓட்ட ஆட்டத்துக்காகச் சேர்த்த பையனைப் பந்து வீசச் சொன்னால் என்ன ஆகும்? இருபது வருடமாக இதேதான் திரும்பத் திரும்ப நடந்தது.

டைலன் வந்தார், டைலன் போனார்

2023-ல் பொறுப்பேற்ற மேட் ரூல் வேறு ரகம். டெம்பிள், பேய்லர் என்று விழுந்து கிடந்த இரண்டு அணிகளைத் தூக்கி நிறுத்தியவர். பேய்லரில் முதல் வருடம் 1 வெற்றி, 11 தோல்வி. மூன்றாம் வருடம் 11 வெற்றி, 3 தோல்வி. நட்சத்திரத்தைப் பெரிதாகப் பார்க்காமல், ஓட்டப்பந்தயமும் மல்யுத்தமும் செய்யும் பையன்களைப் பொறுக்கி வளர்த்தெடுப்பது அவர் பாணி.

அவருக்கு 2023 டிசம்பரில் ஒரு லாட்டரி அடித்தது. டைலன் ரயோலா என்ற ஐந்து நட்சத்திர குவார்ட்டர்பேக். அவர் அப்பா டொமினிக் ரயோலா 2000-ம் ஆண்டில் நெப்ராஸ்காவின் நட்சத்திர சென்டர். சித்தப்பா டோனவன் அப்போது அதே அணியில் பயிற்சியாளர். ஆனாலும் பையன் முதலில் வாக்குக் கொடுத்தது ஓஹையோ ஸ்டேட்டுக்கு. பிறகு ஜார்ஜியாவுக்கு. கையெழுத்துப் போடும் வாரத்தில் கடைசி நேரத்தில் மனம் மாறி நெப்ராஸ்காவுக்கு வந்தார். 2024-ல் 7 வெற்றி, 6 தோல்வி. பாஸ்டன் கல்லூரியை 20-15 என்று ஜெயித்து, எட்டு வருடங்களுக்குப் பிறகு பௌல் ஆட்டம் கண்டது அணி. ரசிகர்கள் பழைய காலம் திரும்பியதாகவே நினைத்தார்கள்.

2025 நவம்பரில் ரயோலாவுக்குக் காலில் எலும்பு முறிந்தது. சீசன் முடிந்ததும் அவர் வேறு கல்லூரிக்குப் போவதாக அறிவித்துவிட்டார். அப்பா ஆடிய மைதானம், ஊர் முழுக்கக் கொண்டாட்டம்... இத்தனையும் ஒரு பையனைப் பிடித்துவைக்கப் போதவில்லை.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சட்டம் மாறிவிட்டது. முன்பெல்லாம் கல்லூரி மாறினால் ஒரு வருடம் பெஞ்சில் உட்கார வேண்டும். 2018-ல் வந்த 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' என்ற இணையப் பட்டியலில் பெயர் கொடுத்தால் எந்தக் கல்லூரியும் பேசலாம். 2021-லிருந்து ஒருமுறை மாறினால் உடனே ஆடலாம், 2024-லிருந்து எத்தனை முறை மாறினாலும் ஆடலாம். அதே 2021 ஜூலையில் இன்னொரு கதவும் திறந்தது. வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். காகிதத்தில் விளம்பரப் பணம். பல இடங்களில் ரசிகர்கள் நிதி திரட்டிக் கொடுக்கும் சம்பளம்.

ஆக, பையனைச் சேர்ப்பதோடு வேலை முடிவதில்லை. ஒவ்வொரு வருடமும் அவனைப் புதிதாகச் சேர்க்க வேண்டும். மூன்று வருடம் பொறுத்து வளர்த்தெடுப்பதுதான் நெப்ராஸ்காவின் பழைய பலம், ரூலின் பலமும் அதுதான். வளர்த்து முடித்த மூன்றாம் வருடம் பையன் பணக்காரக் கல்லூரிக்குப் போய்விட்டால்?

பிக் டென் லீக்கில் இப்போது 18 அணிகள். 2024-ல் யூ.எஸ்.சி, ஆரிகன் போன்ற பெரிய மீன்கள் உள்ளே வந்துவிட்டன. ஆரிகனுக்குப் பின்னால் நைக்கி நிறுவனத்தை ஆரம்பித்த ஃபில் நைட் இருக்கிறார். இன்னொரு பக்கம் இண்டியானா. காலம் காலமாகத் தோற்பதற்கே பெயர் போன அணி. 2023-ல் 3 வெற்றிதான். 2024-ல் புதிய பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி, தான் முன்பு இருந்த சிறிய கல்லூரியின் வீரர்களையும் டிரான்ஸ்ஃபரில் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த வருடமே 11 வெற்றி. வழியில் நெப்ராஸ்காவை 56-7 என்று நசுக்கினார். அடுத்த வருடம் பிக் டென் சாம்பியன். எந்தப் பழம்பெருமையும் இல்லாத இண்டியானா இரண்டே வருடத்தில் அங்கே போய் நின்றது. நெப்ராஸ்கா ரசிகர்களுக்கு இது நம்பிக்கையா, வயிற்றெரிச்சலா என்று கேட்டால் இரண்டும்தான்.

இப்போது பள்ளி முடிக்கும் பையன் பிறந்தது 2008 வாக்கில். நெப்ராஸ்கா கடைசியாகப் பட்டம் வாங்கி அப்போதே பத்து வருடம் ஆகியிருந்தது. டாமி ஃபிரேசியர் அவனுக்கு யூடியூப் வீடியோ. பெருமையைக் கேட்டு உணர்ச்சிவசப்படுவது அவன் அப்பாதான்.

இந்த மாநிலத்துக்குப் பெண்கள் வாலிபாலில் இந்தப் பிரச்னையே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்ட் 30 அன்று இதே மெமோரியல் ஸ்டேடியத்தின் நடுவில் வலை கட்டி நெப்ராஸ்கா பெண்கள் வாலிபால் ஆடினார்கள். வந்தவர்கள் 92,003 பேர். பெண்கள் விளையாட்டுக்கு உலகத்திலேயே அதிகக் கூட்டம் கூடியதாக அன்று பேசப்பட்டது. நாட்டின் தலைசிறந்த வாலிபால் பெண்கள் இதே குளிருக்கு, இதே தூரத்துக்கு வரத்தான் செய்கிறார்கள். காரணம் எளிது. அங்கே வந்தால் ஜெயிக்கலாம் என்று அவர்களுக்குத் தெரியும். ஆக, பனியும் தூரமும் மட்டும் குற்றவாளி இல்லை.

105 பேருக்குத்தான் இடம்

2025 ஜூன் மாதம் கலிஃபோர்னியாவில் ஒரு நீதிபதி, கல்லூரி விளையாட்டையே புரட்டிப்போட்ட சமரசத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். இனிமேல் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் வருடத்துக்கு ஒரு கல்லூரிக்கு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் உச்சவரம்பு. எல்லோருக்கும் ஒரே வரம்பு என்பதால் நெப்ராஸ்கா போன்ற, சம்பாதிக்கும் கல்லூரிக்கு இது சாதகமாகவும் ஆகலாம். பணம் திரட்டுவதில் இந்த ரசிகர்களை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் அந்தச் சமரசத்தில் இன்னொரு வரியும் இருந்தது. ஸ்காலர்ஷிப்புக்கு வரம்பு இனி இல்லை. பதிலாக ஃபுட்பால் அணியில் மொத்தமே 105 பேர்தான் இருக்கலாம்.

105 பேரை வைத்து ஆடும் மற்ற அணிகளுக்கு இது ஒன்றுமில்லை. 150 பேரை வைத்து வளர்ந்த நெப்ராஸ்காவுக்கு இது அடிமடியில் கைவைத்த மாதிரி. தானாக நடந்து வருகிறவர்களுக்குத்தான் முதலில் கதவு சாத்தப்படும். வரம்பால் இடமிழந்த பழைய வீரர்களை மட்டும் கணக்கில் சேர்க்காமல் வைத்துக்கொள்ளலாம் என்று நீதிபதி வற்புறுத்தியதால் ஒரு சலுகை கிடைத்தது. அவர்கள் படிப்பை முடித்துப் போனதும் அந்தச் சலுகையும் தீர்ந்துவிடும்.

மேட் ரூல் ஒரு காலத்தில் பென் ஸ்டேட் கல்லூரியில் ஸ்காலர்ஷிப் இல்லாமல் நடந்து வந்த வீரர். 2025 இலையுதிர்காலத்தில் அந்தப் பென் ஸ்டேட்டின் பயிற்சியாளர் பதவி காலியானபோது ரூலின் பெயர்தான் முதலில் அடிபட்டது. நெப்ராஸ்கா அவசரமாக ஒப்பந்தத்தை 2032 வரை நீட்டித்து அவரைத் தக்கவைத்துக்கொண்டது. தன்னைப் போன்ற பையன்களில் யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்று இனி வருடா வருடம் எண்ணிப் பார்க்க வேண்டியவர் அவர்தான்.

அந்தப் பையன்களுக்கு வேறு இடங்கள் உண்டு. மாநிலத்துக்குள்ளேயே இரண்டாம் பிரிவில் ஆடும் கியர்னி, வேய்ன் போன்ற ஊர்க் கல்லூரிகள் இருக்கின்றன. ஆறு பேர் ஆட்டம் ஆடிய பண்ணைப் பையன் இனி அங்கே போவான். அவன் வீட்டுக்காரர்கள் சனிக்கிழமை எந்த ஊருக்கு டிக்கெட் எடுப்பார்கள் என்பதுதான் லிங்கனில் இப்போது கவலை.